பக்கத்து மேஜையில் ஒரு காதல்!

காதல் எங்கே பிறக்கிறது?

நம் சினிமாவைக் கேளுங்கள். பூங்காவில் பிறக்கிறது என்று சொல்லும். அருவிக்கரையில் பிறக்கிறது என்று சொல்லும். கதாநாயகியின் கையிலிருந்து புத்தகம் விழ, கதாநாயகன் குனிந்து எடுக்க, அந்த ஒரு நொடியில் பிறக்கிறது என்று சொல்லும்.

ஆனால், உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குப் பூங்காவுக்குப் போக நேரம் ஏது? காலையில் ஆபீசுக்குள் நுழைகிறான். இருட்டுகிற நேரத்தில் வெளியே வருகிறான். அவனுடைய நல்ல குணமும் கெட்ட குணமும் அந்த நாற்காலியில்தான் வெளிப்படும். கோபம் வந்தால் பைலைத் தூக்கி எறிகிறானா? தன் தவறை அடுத்தவர் தலையில் கட்டுகிறானா? நாலு பேர் டீ குடித்தால் காசு கொடுக்கிற நேரத்தில் நழுவுகிறானா? பெண் பார்க்க வருகிற அன்று இவை தெரியாது. பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்றுவிட்டு எல்லோரும் யோக்கியர்களாகவே உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து மேஜைக்குத்தான் உண்மை தெரியும்!

அப்படித் தெரிந்துகொண்டு இருவர் மனம் ஒத்தால் அது நல்ல விஷயம்தானே? ஆனால் நம் ஊரில் ஆபீஸ் காதலுக்கு இரண்டே பெயர்கள்தான். ஒன்று, பழி. மற்றொன்று, பரிகாசம்.

இதை மாற்ற ஒரு சுலபமான மருந்து உண்டு. அது ஒரு கார்ட்டூன் படம்!

"கார்ட்டூனா? அது குழந்தைகள் பார்ப்பதாயிற்றே!" என்று சிரிக்கவேண்டாம். மேலே படியுங்கள்.

ஜப்பானில் ஒரு கதை

ஜப்பான் நாட்டில் 2018-ம் ஆண்டு டெலிவிஷனில் ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. பெயர் "வோட்டகோய்". 11 பகுதிகள். ஃபுஜிதா என்ற பெயரில் ஒருவர் வரைந்த சித்திரக் கதையிலிருந்து எடுத்தது.

அதில் ராட்சசன் இல்லை. மந்திரவாதி இல்லை. ஒரு ஆபீஸ் இருக்கிறது. நாலு ஊழியர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

கதாநாயகி நருமி சித்திரக் கதைப் பைத்தியம். முந்திய ஆபீசில் அவளைக் காதலித்தவன், இந்தப் பைத்தியம் தெரிந்ததும் கைவிட்டுப் போய்விட்டான். அதனால் புது ஆபீசில் ரகசியத்தை மூடி மறைக்கப் பாடுபடுகிறாள். அங்கே பார்த்தால், அவளுடைய பால்ய நண்பன் ஹிரோதகா உட்கார்ந்திருக்கிறான்! அவன் வீடியோ விளையாட்டுப் பைத்தியம். இவன் குட்டு அவளுக்குத் தெரியும். அவள் குட்டு இவனுக்குத் தெரியும். பிறகு என்ன? மறைக்க ஒன்றுமில்லாத இருவரும் பேசி முடிவு செய்துகொள்கிறார்கள். இன்னொரு மேஜையில் மற்றொரு ஜோடி. அவர்கள் எப்போது பார்த்தாலும் சண்டை. ஆனால் பிரிவதில்லை!

அதில் யாரும் யாரையும் துரத்தவில்லை. கையை வெட்டிக்கொள்ளவில்லை. அவளுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று அவன் யோசிக்கிறான். அவனுக்கு எப்படி இருக்கும் என்று அவள் யோசிக்கிறாள். ஆபீஸ் காதலின் அழகெல்லாம் இதில் அடங்கிவிட்டது.

அமெரிக்காவிலும் 2012-ல் டிஸ்னி கம்பெனி ஒரு சின்னக் கார்ட்டூன் படம் எடுத்தது. "பேப்பர்மேன்" என்று பெயர். ரயிலடியில் ஒரு பெண்ணைப் பார்த்த குமாஸ்தா, அவள் எதிர்க் கட்டடத்தில் இருப்பதை ஆபீஸ் ஜன்னல் வழியாகக் காண்கிறான். மேஜையில் குவிந்திருந்த தாள்களை மடித்து, விமானம் விமானமாக விடுகிறான். மானேஜர் முறைக்கிறார். ஏழு நிமிஷம்கூட முழுதாக ஓடாத அந்தப் படம் 2013-ல் ஆஸ்கார் பரிசு வாங்கியது. குமாஸ்தாவுக்கும் ஆஸ்காருக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்கமுடியாது!

நட்சத்திரம் வேண்டாம்!

ஏன் கார்ட்டூன்? நடிகர்களை வைத்தே எடுக்கலாமே?

எடுக்கலாம். ஆனால் ஒரு சங்கடம். பெரிய நடிகர் ஒருவர் குமாஸ்தாவாக வந்தால், அவர் குமாஸ்தாவாகவே இருக்கமாட்டார். இடைவேளைக்குள் பத்துப் பேரை அடிப்பார். பெண் "வேண்டாம்" என்றால் விடமாட்டார். பின்னாலேயே போவார். பாட்டுப் பாடுவார். கடைசியில் அவள் இணங்கியே தீரவேண்டும். இல்லாவிட்டால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள்!

கார்ட்டூன் பொம்மைக்கு ரசிகர் மன்றம் கிடையாது. அதற்குக் கௌரவம் பார்க்கத் தேவையில்லை. அசடு வழியலாம். வெட்கத்தில் முகம் தக்காளியாகச் சிவக்கலாம். மானேஜர் கூப்பிட்டால் எலி அளவு சுருங்கலாம். பார்க்கிறவர்கள், "அட, இது நம் செக்ஷன் ஆள்தான்" என்று சிரிப்பார்கள். கோடு போட்டு வரைந்த முகத்தில் யார் முகம் வேண்டுமானாலும் பொருந்தும்.

நாமும் கம்ப்யூட்டர் பொம்மைப் படம் எடுத்திருக்கிறோம். 2014-ல் "கோச்சடையான்" வந்தது. ஆனால் அது வாளும் கேடயமும் ஏந்திய வீரர் கதை. பேனா ஏந்தியவர் கதை எப்போது வரும்?

மிஸ்ஸியம்மா செய்த தந்திரம்

வேலை செய்யும் இடத்தில் பிறக்கும் காதலை, சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தமிழ்ப் படம் இல்லாமல் போகவில்லை. 1955-ல் வந்த "மிஸ்ஸியம்மா" நினைவிருக்கிறதா? வேலை கிடைக்காத பாலுவும் மேரியும் கணவன் மனைவி என்று பொய் சொல்லி வாத்தியார் உத்தியோகம் பெறுகிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் போடும் பொய்ச் சண்டை, மெல்ல மெல்ல மெய்க் காதலாக மாறுகிறது. எல்.வி.பிரசாத் எடுத்த அருமையான படம்.

ஆனால் முடிவைக் கவனித்தீர்களா? பாலு இந்து. மேரி கிறிஸ்தவப் பெண். எப்படிச் சேர்த்துவைப்பது? கதாசிரியர் ஒரு தந்திரம் செய்தார். மேரி உண்மையில் மேரியே இல்லையாம். வீட்டுக்கார ஜமீன்தாரின் காணாமற்போன மகளாம்! பிரச்சினை தீர்ந்தது. கொட்டகையில் கைதட்டல்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி, இங்கே நூற்றுக்கு 48 பேருக்கு மேல் இந்துக்கள். 46 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். நாகர்கோவிலில் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் பாலுவும் மேரியும் அடுத்தடுத்த மேஜையில் இருப்பார்கள். கிறிஸ்துமஸ் கேக் இந்தப் பக்கம் வரும். பொங்கல் கரும்பு அந்தப் பக்கம் போகும். திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற காலை ரயிலில் இருவரும் ஒரே பெட்டியில் போவார்கள். அங்கே காணாமற்போன மகள் தந்திரம் செல்லாது. மேரி, மேரிதான். பாலு, பாலுதான்.

சட்டம் வழி விட்டிருக்கிறது. 1954-ம் ஆண்டு தனித் திருமணச் சட்டப்படி மதம் மாறாமலே மணந்துகொள்ளலாம். ஆனால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அதை ஆபீசில் எல்லோரும் பார்க்க ஒட்டுவார்கள். அந்த 30 நாளில்தான் மாமா வருவார், சித்தப்பா வருவார், ஊரே வரும்!

வீட்டில் அத்தை கேட்கும் முதல் கேள்வி, "பையன் நல்லவனா?" என்பதல்ல. "நம்ம ஆளுவளா மக்கா?" என்பதுதான். மதம் ஒன்றாக இருந்தாலும், ஜாதி ஒன்றாக இல்லாவிட்டால் அதே கேள்விதான்.

நஷ்டம் யாருக்கு?

2011-ல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் எழுத்தறிவில் முதலிடம் பெற்றது கன்னியாகுமரி. நூற்றுக்கு 91.75 பேர். பெண்கள் நன்றாகப் படிக்கிறார்கள். வேலைக்கும் போகிறார்கள். சந்தோஷம்.

ஆனால், "அவளும் அவனும் சேர்ந்து டீ குடித்தார்கள்" என்று ஒரு பேச்சு கிளம்பட்டும். என்ன நடக்கிறது? அவனை யாராவது வேலையை விடச் சொல்கிறார்களா? இல்லை. "போதும் நீ உத்தியோகம் பார்த்தது, வீட்டில் இரு" என்று அவளுக்குத்தான் உத்தரவு. இத்தனை வருஷப் படிப்பு ஒரு கப் டீயில் கரைந்துபோகிறது!

இந்த அநியாயத்தை மேடை போட்டுப் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். சிரிப்பாகச் சொன்னால் நாலாயிரம் பேர் கேட்பார்கள். நாஞ்சில் நாட்டுக்கு இது புதிய பாடம் அல்ல. மருமக்கள் வழிச் சொத்துரிமையால் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எப்படிச் சொன்னார்? ஐந்தாவது மனைவி ஒருத்தி தன் கதையைச் சொல்வதாக "மருமக்கள் வழி மான்மியம்" என்ற நகைச்சுவைக் காவியம் எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வெட்கப்பட்டார்கள். 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, அந்த முறைக்கு முடிவு கட்டியது. சிரிப்பைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது!

ஒழுகினசேரி தந்த ஜோடி

காதலும் சிரிப்பும் வேலையும் ஒன்றாகச் சேர்ந்த ஜோடியைத் தேடி, ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரிக்குப் போனால் போதும்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908-ல் பிறந்தது அங்கேதான். 1936-ல் வந்த "வசந்தசேனா" படத்தில் அவரோடு நடிக்க வந்தவர், திருச்சிப் பக்கத்து டி.ஏ.மதுரம். அந்த ஆண்டே கல்யாணம். படப்பிடிப்பு நிலையம்தான் அவர்களுக்கு ஆபீஸ். இவர் ஒரு கேலி சொன்னால் அவர் அதற்கு மேல் ஒரு கேலி சொல்வார். அவர்கள் நகைச்சுவையில் பெண், அடி வாங்கும் பொம்மை அல்ல. பதிலடி கொடுக்கும் பங்காளி!

1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் கைதானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. அந்த இரண்டரை ஆண்டுகளில் மதுரம் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. நாடகக் குழுவைக் கட்டிக் காத்தார். வழக்குக்குப் பணம் தேடினார். "பைத்தியக்காரன்" படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். கணவர் விடுதலையாகி வந்ததும், அந்தப் படத்திலேயே அவருக்கும் ஒரு வேடம் சேர்த்தார்கள். சக தொழிலாளியை மணந்ததன் பலன் இதுதான். கணவனின் தொழிலை அவளும் அறிந்திருந்தாள்.

ஆனால் முழு உண்மையையும் சொல்லவேண்டும். கிருஷ்ணனுக்கு ஊரில் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. அதை மறைத்துத்தான் மதுரத்தை மணந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாடே சிரித்த அந்தக் காதலில், ஊரில் இருந்த ஒரு பெண் சிரித்திருக்கமாட்டாள். விஷயம் தெரிந்த அன்று மதுரமும் சிரித்திருக்கமாட்டார். கலைவாணரிடம் கற்கவேண்டியவை பல. இது மட்டும் கற்கக்கூடாதது. ஜப்பான் கதையில் இருவரும் ஒருவர் குட்டை ஒருவர் அறிந்த பிறகே சேர்ந்தார்கள் அல்லவா? சிரிப்புக் காதலுக்கு அதுதான் அஸ்திவாரம்.

இருவரும் சிரிக்கவேண்டும்

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. "எல்லாம் தமாஷ்தானே" என்று சொல்லிக்கொண்டு பெண் ஊழியர்களைச் சீண்டுகிறவர்கள் உண்டு. அது காதலும் அல்ல, தமாஷும் அல்ல. குற்றம். 2013-ல் வந்த சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பெண்களின் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே தீரவேண்டும்.

தமாஷ் எது, தொல்லை எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. இருவரும் சிரிக்கிறார்களா? தமாஷ். ஒருவர் மட்டும் சிரிக்கிறாரா? தொல்லை. மேலதிகாரி சிரிக்கும்போது, வேலைக்குப் பயந்து கீழே இருப்பவர் சிரித்தால் அதுவும் சிரிப்புக் கணக்கில் சேராது. நாம் கேட்கும் கார்ட்டூன் படம் இந்தப் பாடத்தையும் சொல்லட்டும். கதாநாயகன் கேட்கட்டும். அவள் "வேண்டாம்" என்றால் "சரி" என்று போய், மறுநாள் அதே மரியாதையோடு "குட்மார்னிங்" சொல்லட்டும். அப்படி ஒரு கதாநாயகனைப் பார்க்கத் தமிழ்நாடு தவம் கிடக்கிறது!

சித்திரம் வரையும் தம்பி தங்கைகளே! அரசர்களையும் அசுரர்களையும் வரைந்தது போதும். நாகர்கோவிலில் ஒரு ஆபீசை வரையுங்கள். ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை இருக்கட்டும். ஆடி மாதக் காற்றில் பைல் தாள்கள் பறக்கட்டும். பொறுக்குவதற்கு பாலு ஒரு பக்கமும் மேரி ஒரு பக்கமும் ஓடட்டும். பெயரை மாற்றாமல், மதத்தை மாற்றாமல், வேலையை விடாமல் இருவரையும் சேர்த்துவையுங்கள். அத்தையும் வரட்டும். கேள்வி கேட்கட்டும். கடைசியில் அத்தையும் சிரிக்கட்டும்.

பெற்றோர்களே! அந்தப் படம் வரும் வரையில் காத்திருக்கவேண்டாம். உங்கள் பெண், "எங்கள் ஆபீசில் ஒருவர் இருக்கிறார்" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தால், வேலையை விடச் சொல்லாதீர்கள். "உட்கார் மக்கா, பையன் எப்படிப்பட்டவன்?" என்று கேளுங்கள். அவளிடம் பதில் இருக்கும். தரகர் கொண்டுவரும் ஜாதகத்தைவிட அது நம்பகமான பதில்!