எல்லையைத் தொட்டு மீளுதல்

கனடாவிற் பல்லாண்டு உழைத்து நிரந்தரவாசத்திற்கு இசைவு பெற்ற அயல்நாட்டார் பலர், அதனை முடிவுசெய்தற்பொருட்டு நயாகராவின் வானவிற் பாலத்தைக் கடந்து, அமெரிக்க வாயிலைத் தொட்டு, உடனே மீண்டனர். 'கொடிக்கம்பம் சுற்றுதல்' என்பது இதன் பெயர். வீட்டினுள் வாழ்பவன் வீட்டினன் ஆதற்பொருட்டு வெளியேறிக் கதவைத் தட்டுதல் விந்தையன்றோ! ஆளை நேரிற் காண்டல் அவசியம் எனின், அவன் வாழும் நகரிலேயே காணலாம்.

2020இல் கொள்ளைநோயால் எல்லை அடைபட்டபோது, ஆளை நேரிற் காணாமலே உரிமையை உறுதிசெய்யும் முறை தோன்றிற்று. பின்னரும் மக்கள் எல்லையை நாடியதேன்? விண்ணப்பவழி திங்கள் பல. வாயில்வழி சில நாழிகை. காத்திருப்போன் வேலையும், குடும்பத்தை அழைக்கும் நாளும் அவ்விடையைச் சார்ந்தன. 2024 டிசம்பர் 23 முதல், இவ்வாறு மீள்வோர்க்கு வேலை, கல்வி அனுமதிகளை வாயிலில் வழங்குதல் பொதுவாக நிறுத்தப்பட்டது. அது தக்கதே; ஆயினும் வாயிலை அடைத்தல் மட்டும் போதாது. உள்ளிருப்போர்க்கு விரைந்து விடை கூறுதல் அரசின் கடனாகும்.