பூச்சுக்குள்ளே துரு!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: "வீட்டைப் பழுது பார்த்துப் பார்!"

காரணம், கடல்.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அது ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்குகிறது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு ஏற ஏறக் கம்பி பருக்கிறது. கான்கிரீட் வெடிக்கிறது. ஒரு நாள் காரை பெயர்ந்து தலையில் விழுகிறது!

உடனே மேஸ்திரியைத் தேடுகிறார்கள். நாலு பேர் வந்து பார்க்கிறார்கள். யார் குறைந்த தொகை சொல்கிறாரோ, அவருக்கே வேலை! தவறு இங்கேதான் தொடங்குகிறது.

கட்டுப்படியாகாத தொகைக்கு ஒப்புக்கொண்டவர் என்ன செய்வார்? பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்புவார். மேலே பெயிண்ட் அடிப்பார். பார்வைக்கு வீடு புதிது. உள்ளே துரு அப்படியே இருக்கும்! அடுத்த மழையில் பூச்சு மறுபடி விழும். மேஸ்திரிக்குப் போன் மணி அடிக்கும்; எடுக்கத்தான் ஆள் இருக்காது.

எது சரியான வேலை?

உளுத்த கான்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைத் துரு போகத் தேய்க்க வேண்டும். மெலிந்த கம்பிக்குப் பதில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். துருத் தடுப்பு பூசிய பிறகுதான் கலவை. அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் குழைத்தால், துருவைக் காசு கொடுத்து உள்ளே வைத்த கதைதான்!

விரிசல் விளையாட்டல்ல. 2021-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டிடம் இடிந்து தரைமட்டம் ஆனது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. தூண், உத்தரத்தில் விரிசல் கண்டால் மேஸ்திரி மட்டும் போதாது. என்ஜினீயரை அழைக்க வேண்டும்.

நல்ல மேஸ்திரியை எப்படி அறிவது? அவர் 2, 3 வருஷத்துக்கு முன் வேலை செய்த வீட்டைப் போய்ப் பாருங்கள். மழையைத் தாண்டியும் பூச்சு நிற்கிறதா? அதுவே அவருக்கு நற்சான்று.

தொகை, வேலை விவரம், முடிக்கும் நாள் மூன்றையும் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை நடக்க நடக்கப் பணம் கொடுங்கள். "நமக்குள் என்ன எழுத்து?" என்ற தாட்சண்யம் வேண்டாம். எழுத்து மேஸ்திரிக்கும் பாதுகாப்பு. கூலியைப் பாக்கி வைக்கும் வீட்டுக்காரர்களும் உண்டே!

பணம் வாங்கியவர் ஏமாற்றினால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அங்கேயும் கை கொடுப்பது அந்தத் தாள்தான்.

குறைந்த கூலி லாபம் அல்ல. ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பதுதான் பெரிய நஷ்டம்!