தீர்ப்பிடும் உரிமையும் மலையகமும்

ஏதென்ஸ் நகரத்து மக்கள் நீதிமன்றங்களைப் போற்றாத அரசியல் நூல் அரிது. முப்பது வயது நிரம்பிய குடிமக்களிலிருந்து ஆண்டுதோறும் 6,000 பேர் திருவுளச்சீட்டு மூலம் யூரர்களாகத் தெரிவாயினர். குடிமகன் யார் என்ற வினாவுக்கு, தீர்ப்பிடுவதிலும் ஆட்சியிலும் பங்குகொள்பவனே என அரிஸ்ரோட்டில் விடை பகர்ந்தார். ஆயின், அவரே ஏதென்ஸில் அந்நியராய் வாழ்ந்தவர். அங்கு யூரராக அமரும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருத்தல் வேண்டுமெனக் கி.மு. 451இலேயே பெரிக்கிளீஸின் சட்டம் விதித்திருந்தது.

இவ்வரலாறு மலையகத்துக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர்.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு சிக்கல் தீர்ந்தது என்பர் சிலர். இக்கூற்று அரிஸ்ரோட்டிலின் உரைகல்லில் நில்லாது. வாக்குரிமை மீண்டது உண்மை. தீர்ப்பிடும் உரிமை எங்கே? இலங்கையில் யூரர் முறை 1811இல் புகுத்தப்பட்டது. ஆங்கிலேயர் காலத்து யூரர் பட்டியலில் இடம்பெற வருமானமோ சொத்தோ வேண்டியிருந்தது. லயத்தில் வாழ்ந்தவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம். யூரர் ஆசனம் அவனுக்கு எட்டாக்கனி. இன்றோ, யூரர் விசாரணையே அருகிவிட்டது. போதாக்குறைக்கு, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் நுவரெலியா மாவட்டத்திலும் நீதிமன்ற மொழி சிங்களமே. தன் வழக்கைத் தன் செவியாற் கேட்டறிய இயலாதவன் பிறர் வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்?

கொழுந்து பறிப்பவருக்குச் சட்டம் விளங்குமா என ஏளனம் செய்வோரும் உளர். பலர் கூடி இட்ட விருந்து ஒருவர் இட்ட விருந்தினும் சிறத்தல் போல, பலர் கூடிய தீர்ப்பும் சிறக்கக்கூடும் என்று அரிஸ்ரோட்டிலே வாதிட்டுள்ளார். ஏழை யூரர் நாட்கூலியை இழக்காதிருக்க ஏதென்ஸ் முதலில் இரண்டு ஒபோல்களும் பின்னர் மூன்று ஒபோல்களும் வழங்கியது. ஒரு நாட்பெயர் போனால் அடுப்பெரியாத அட்டன் தோட்டத்துப் பெண்ணுக்கும் அவ்வேற்பாடு வேண்டும்.

எனவே, தமிழில் விசாரணை, ஊதியத்துடன் கூடிய யூரர் பணி, லயத்து மாந்தரும் இடம்பெறும் பட்டியல் ஆகிய மூன்றும் சலுகைகளல்ல. குடியுரிமையின் இலக்கணமே அவை. இவை கிட்டாதவரை, மலையகத்தார் கையிலுள்ளது குடியுரிமைப் பத்திரமேயன்றிக் குடியுரிமையன்று.