நாலு தேசம், ஒரு மோட்டார்

வேலூர்ச் சீமைக்கும் மோட்டார் வண்டிக்கும் பழைய உறவு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் குடியாத்தம் சாலையில் மோட்டாரில் சென்று, மரத்தடிகளில் நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். மேல்நாட்டு வண்டி நம் சாலைக்கு வந்த காலம் அது. இன்றோ நம்மவர்கள் மேல்நாட்டுச் சாலையிலேயே வண்டி ஓட்ட ஆசைப்படுகிறார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வியாபாரம் செய்வோருக்கு ஜெர்மனியும் இத்தாலியும் அடுத்த தெரு மாதிரி. பாகாயத்தில் வைத்தியம் படித்த பிள்ளைகள் பலர் அயல் தேசங்களில் இருக்கிறார்கள். ஆகவே, "ஒரு மோட்டாரை வாடகைக்கு எடுத்து நாலு தேசம் பார்த்துவிட்டு வந்தால் என்ன?" என்ற பேச்சு வீடுகளில் எழுவதில் ஆச்சரியம் இல்லை.

பாகாயத்துக் குடும்பம் ஒன்று புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்களைக் கோத்தே அவர்களுக்கு ஒரு வழி வகுக்கலாம். பிராங்க்பர்ட்டில் இறங்கினால் அருகிலேயே ஆபன்பாக். அங்கே 1917-இல் நிறுவப்பட்ட தோல் காட்சிசாலை இருக்கிறது. அடுத்தது ஜெர்மனியின் பழைய செருப்பு நகரமான பிர்மாசன்ஸ். அங்கிருந்து பிரான்ஸைச் சேர்ந்த ஸ்டிராஸ்பர்க். பிறகு ஸ்விட்ஜர்லாந்தின் பாஸல். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1980-இல் திறந்த, பதினேழு கிலோமீட்டர் நீளமுள்ள கொத்தார்ட் சுரங்கம். கடைசியில் இத்தாலியின் மிலான். அதன் பக்கத்தில் விஜேவானோவில் பாதரட்சைகளுக்கென்றே ஒரு காட்சிசாலை. ஸ்டிராஸ்பர்க்கிலிருந்து பாஸல் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வேலூரிலிருந்து சென்னை செல்லும் தூரந்தான். அதற்குள் ஒரு தேசம் முடிந்து இன்னொரு தேசம் ஆரம்பித்துவிடும்.

எல்லையில் என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நீலப் பலகை ஒன்று வரும், போகும். லக்ஸம்பர்க் தேசத்து ஷெங்கன் கிராமத்தில் 1985 ஜூன் 14-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பலன் இது. 2025 ஜனவரியில் பல்கேரியா, ருமேனியாவின் தரை எல்லைகளும் திறந்தபின் இருபத்தொன்பது தேசங்கள் இதில் முழுமையாகச் சேர்ந்தன. ஆனால் எல்லைக் கதவு மறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அது சாலையிலிருந்து பெயர்ந்து நம் வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது. காகிதங்களைச் சரிவரச் சேர்க்காதவனுக்குத்தான் அது இப்போது மூடிக் கிடக்கிறது.

முதல் காகிதம் விசா. விமானம் இறங்கும் தேசத்திடந்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள், அது சரியன்று. எந்த தேசத்தில் அதிக நாள் தங்குகிறோமோ அதனிடந்தான் கேட்க வேண்டும். ஜெர்மனியில் மூன்று இரவும் இத்தாலியில் ஐந்து இரவும் என்றால் இத்தாலிக்கே விண்ணப்பம். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் தேசம். ஆதலால் எந்த ஊரில் எத்தனை இரவு என்பதை முதலில் எழுதுங்கள். விசா விண்ணப்பம் பிறகு. ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் வந்து நின்றால் காலம் கடந்துவிடும். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸும் அவசியம்.

இரண்டாவது, சர்வதேச வண்டியோட்டும் அனுமதி. நாம் வசிக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற வேண்டியது. 2019-இல் ஜில்லா பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போய்விட்டது. பாகாயத்தார் வேலூரிலேயே கேட்கலாம். இதன் ஆயுள் ஒரு வருஷம். மூல லைசென்ஸ் உடன் இல்லாவிட்டால் இதற்கு மதிப்பே இல்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம் அனுமதி 1949-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கையைச் சார்ந்தது. ஜெர்மனியோ அதில் சேரவில்லை. ஆகையால் நம் லைசென்ஸுக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றையும் கையோடு வைத்திருப்பது விவேகம். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த பெண்மணி இருந்தால் அவர் பெயரிலும் அனுமதி வாங்குங்கள். ஒருவரையே நாலு தேசமும் ஓட்டவிடுவது அன்புமாகாது, பத்திரமுமாகாது.

மூன்றாவது, வாடகைப் பத்திரம். எந்தெந்த தேசத்துக்குள் இந்த வண்டி போகலாம் என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு தேசத்தில் எடுத்து இன்னொரு தேசத்தில் விட்டால் கட்டணம் மலைக்க வைக்கும். புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது சிக்கனம்.

நான்காவது, சாலை வரி. ஜெர்மனியின் பெருஞ்சாலையில் சிறு வண்டிகளுக்குச் சுங்கமில்லை. ஸ்விட்ஜர்லாந்தில் ஒரு நாள் போனாலும் வருஷச் சீட்டே வாங்க வேண்டும், நாற்பது பிராங்க். சீட்டில்லாமல் அகப்பட்டால் அபராதம் இருநூறு. இத்தாலியில் நுழையும்போது சீட்டெடுத்து வெளியேறும்போது பணம் கட்ட வேண்டும். அங்கே பழைய நகரங்களின் நடுப்பகுதியில் அந்நிய வண்டி நுழைந்தால் படக்கருவி பிடித்துக் கொள்ளும். அபராதம் பல மாதம் கழித்துப் பாகாயத்துக்கே தேடி வரும்!

தோல் வியாபாரிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. ஸ்விட்ஜர்லாந்து ஷெங்கனில் உண்டு. ஐரோப்பியச் சுங்க ஐக்கியத்தில் இல்லை. வண்டியின் பின்பெட்டியில் மாதிரிச் செருப்பும் தோலும் இருந்தால் எல்லையில் சொல்லியாக வேண்டும். இத்தகைய மாதிரிகளுக்கென்று உள்ள 'கார்னே' என்னும் பத்திரத்தை நம் நாட்டில் ஃபிக்கி சபை வழங்குகிறது.

காகிதங்களுக்கு அப்பால் உயிர் சம்பந்தமான விஷயம் ஒன்று: இந்த நாலு தேசத்திலும் வண்டி வலப்புறம் செல்ல வேண்டும். தவறு பெரும்பாலும் நெரிசலில் நேராது. விடியற்காலையில், வெறிச்சோடிய சாலையில், வண்டியை வெளியே எடுக்கும் அந்தக் கணத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்வதை விதியாக வைத்துக் கொள்ளுங்கள். விமானம் இறங்கிய அன்றே சக்கரத்தைத் தொடாதீர்கள்.

ஸ்டிராஸ்பர்க்கில் சற்று நில்லுங்கள். 1871-க்கும் 1944-க்கும் இடையே அந்த நகரத்தில் நாலு தடவை கொடி மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் ரத்தம் சிந்தியது. 2017 முதல் அங்கிருந்து ஜெர்மனியின் கேல் நகருக்கு டிராம் வண்டியே ஓடுகிறது. பகைவர்களாயிருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பத் துணிந்ததால் கிடைத்த சாலை அது. ஆனால் 2024 செப்டம்பர் 16-இல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் மறுபடி சோதனையைத் தொடங்கியதும் உண்மை. திறந்த எல்லை நிரந்தர வரம் அல்ல. நாள்தோறும் காக்க வேண்டிய நம்பிக்கை. நம் சர்க்காரின் முத்திரையுள்ள காகிதத்தை ஒழுங்காகக் கையில் வைத்துக்கொண்டு, பிறர் சாலையின் விதியை மதித்துச் செல்லும் ஒவ்வோர் இந்தியனும் அந்த நம்பிக்கைக்குத் தன் பங்கைச் செலுத்துகிறான். அடுத்து விசா கேட்டு வரிசையில் நிற்கும் நம்மவருக்கு அதுவே நற்சாட்சி.