காணி திரும்பக் கிடைச்சதோ?



வெளிநாட்டில் ஒரு வருடம் படித்துவிட்டு வரும் பிள்ளையை நாங்கள் வரவேற்கும் முறை உங்களுக்குத் தெரியும். பங்கு மண்டபத்தில் கூட்டம் வைப்போம். மாலை போடுவோம். பிள்ளை தான் கண்ட பனியைப் பற்றியும் உயர்ந்த கட்டடங்களைப் பற்றியும் பேசும். நாங்கள் கைதட்டி, தேநீர் குடித்து, வீடு திரும்புவோம். அண்மையில் அப்படியான ஒரு கூட்டத்தில் எழுந்த கேள்வி என்னை இன்னும் விட்டபாடில்லை. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அந்த மாணவி இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவள். மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோசியா மாகாணத்துக்குப் போய், ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தவள். ஆண்டின் நடுவில், பல நாடுகளிலிருந்தும் வந்திருந்த பரிமாற்ற மாணவர்களை ஒன்றுசேர்த்து, பஸ் வண்டியில் ஒரு கருத்தரங்குப் பயணம் கூட்டிச் சென்றார்களாம். பகலில் இடங்களைப் பார்ப்பது. இரவில் வட்டமாக இருந்து, கண்டதைப் பற்றிக் கலந்துரையாடுவது. எங்கள் கூட்டத்தில் அவள் பனியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னர் தம் காணியிலிருந்து துரத்தப்பட்ட கமக்காரரின் ஊருக்குத் தங்களைக் கூட்டிப்போனதைப் பற்றிப் பேசினாள்.

பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். “பிள்ளை, அந்தச் சனத்துக்குக் காணி திரும்பக் கிடைச்சதோ?” என்று கேட்டார்.

“இல்லை அப்பு” என்றாள் அவள்.

முதியவர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். மண்டபத்தில் கைதட்டல் எழவில்லை. வீட்டுக்கு வந்தபின் நானும் அந்த வரலாற்றைத் தேடி வாசித்தேன்.

கடலிலிருந்து மீட்ட காணி

அந்த மக்களை அகேடியர் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள். அவர்கள் வாழ்ந்த ஃபண்டி விரிகுடாவின் கடற்பெருக்கு உலகிலேயே மிக உயர்ந்தது. சில இடங்களில் 16 மீற்றர் வரை ஏறி இறங்கும். அந்தக் கடலோரச் சதுப்பில் அவர்கள் மண்ணால் அணை கட்டினார்கள். அணைக்கு அடியில் மரத்தாலான மதகு. அதற்குள் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு. கடல் ஏறும்போது கதவு தானாகவே மூடிக்கொள்ளும். கடல் இறங்கியதும் உள்ளே தேங்கிய மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இப்படி இரண்டு மூன்று வருடம் மழை கழுவிய பிறகே உவர் நீங்கி மண் பயிருக்கு உதவும். கிராண்ட் பிரே என்ற ஊரின் வயல்கள் 1680களிலிருந்து இவ்வாறு கடலிடமிருந்து மீட்கப்பட்டவை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகளைக் கண்ட எமது கமக்காரருக்கு அந்த உழைப்பின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

1713ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு அப்பகுதி பிரித்தானியர் கைக்கு மாறியது. அதன் பின்னரும் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே போர் ஓயவில்லை. யாருக்காகவும் ஆயுதம் ஏந்தமாட்டோம், எங்களைக் கமஞ்செய்ய விடுங்கள் என்பதே அகேடியரில் பெரும்பாலோரின் நிலைப்பாடு. நடுவில் நிற்பவனை இரு பக்கமும் சந்தேகிக்கும் என்பது எமக்குப் புதிதல்ல.

1755 செப்ரெம்பர் 5ஆம் திகதி கிராண்ட் பிரேயின் ஆண்களையும் பத்து வயதுச் சிறுவர் வரையிலான பிள்ளைகளையும் அவர்களுடைய தேவாலயத்துக்கே அழைத்தார்கள். 418 பேர் வந்தார்கள். அங்கே படைத்தளபதி ஜோன் வின்ஸ்லோ கட்டளையை வாசித்தார். காணியும் வீடும் கால்நடையும் மன்னருக்குச் சொந்தம். கையிலுள்ள பணத்தையும் கொண்டுபோகக்கூடிய வீட்டுச் சாமானையும் மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேற வேண்டும். 1763 வரை சுமார் 10,000 பேர் இவ்வாறு அகற்றப்பட்டார்கள். வீடுகள் எரிக்கப்பட்டன. குடும்பங்கள் வெவ்வேறு கப்பல்களில் பிரிந்தன. நோயாலும் கப்பல் மூழ்கியும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

இவற்றுள் என் மனத்தை அதிகம் சுட்டது வேறொரு செய்தி. 1759 நவம்பரில் வீசிய பெரும் புயல் அணைகளை உடைத்தது. அடுத்த ஆண்டு முதல் அந்தக் காணிகளில் குடியேற்றப்பட்ட புதியவர்களுக்கு அணை கட்டத் தெரியாது. ஆகவே, சிறை வைக்கப்பட்டிருந்த அகேடியரைக் கொண்டுவந்து அணைகளைத் திருத்தினார்கள். தன் பாட்டன் கட்டிய அணையை, இன்னொருவரின் வயலைக் காப்பதற்காகத் தானே நின்று கட்டினான் அந்தக் கமக்காரன். தன் காணியில் பிறர் விளைவித்த மரக்கறியைச் சந்தையில் விலைகொடுத்து வாங்கியவர்கள் எம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வேதனை விளங்கும்.

1764இல் திரும்பிவர அனுமதி கிடைத்தது, சிறு சிறு குழுக்களாகச் சிதறி வாழவேண்டும் என்ற நிபந்தனையோடு. பழைய வயல்களில் வேறு குடும்பங்கள் இருந்தன. கத்தோலிக்கர் காணி வைத்திருப்பதைத் தடுத்த சட்டம் 1783 வரை நீங்கவில்லை. கல்லும் காற்றுமான கரைகளே மிஞ்சின. கமக்காரர் மீனவரானார்கள்.

2003 டிசெம்பரில் எலிசபெத் மகாராணியின் பெயரால் ஒரு பிரகடனம் வெளியானது. நாடுகடத்தல் நடந்ததையும் அதனால் நேர்ந்த துயரையும் அது ஏற்றுக்கொண்டது. 2005 முதல் யூலை 28ஆம் திகதி நினைவு நாளாயிற்று. இதற்கு 248 ஆண்டுகள் சென்றன. அதே பிரகடனம், இதனால் முடிக்குச் சட்டப் பொறுப்போ நிதிப் பொறுப்போ ஏற்படாது என்றும் சொல்லி வைத்தது. 2012இல் கிராண்ட் பிரே வயல்வெளி உலக மரபுரிமைச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. மாணவி சொன்ன ‘இல்லை’ என்ற பதிலின் முழுப் பொருள் இதுதான்.

பொறுமைக்கு ஓர் உதாரணமா?

அதே மாகாணத்தில் அன்ரிகோனிஷ் என்றொரு சிறு நகர் உண்டு. கிராம அபிவிருத்திப் பணியில் இருக்கும் எங்களுக்கு அது ஒரு யாத்திரைத் தலம் போல. அருட்தந்தையர் ஜிம்மி ரொம்கின்ஸ், மோசஸ் கோடி ஆகியோரின் பெயர்களைக் கேள்விப்படாத கூட்டுறவுப் பணியாளர் குறைவு. 1927 யூலை முதலாந் திகதி கனடா தன் 60ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, கான்சோ மீனவர்கள் தங்களுக்குக் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டு ஒன்றுகூடினார்கள். அப்போது அவர்களின் பங்குத்தந்தையாக இருந்தவர் ரொம்கின்ஸ். அடுத்த வருடம் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் மக்களிடையே வேலைசெய்வதற்கென ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கி, அதைக் கோடி அடிகளிடம் ஒப்படைத்தது.

அவர்களுடைய முறை எளிது. எட்டுப் பத்துப் பேர் ஒரு வீட்டின் அடுக்களையில் கூடுவார்கள். நாம் ஏன் வறியவராக இருக்கிறோம், எமது மீனின் விலையை யார் தீர்மானிக்கிறார் என்று கேட்டு, வாசித்து, கணக்குப் பார்ப்பார்கள். அதன் பின்னரே சங்கம் தொடங்குவார்கள். 1930களின் முடிவில் இத்தகைய கற்கை வட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. அவற்றிலிருந்து சிக்கனக் கடனுதவிச் சங்கங்களும் மீன் பதனிடும் கூட்டுறவுகளும் பிறந்தன. செட்டிகாம்ப் போன்ற அகேடியக் கிராமங்களில் மீனவர் தலைமுறை தலைமுறையாக வணிகருக்குக் கடன்பட்டுக் கிடந்தவர்கள். அவர்களும் இந்த வழியில் எழுந்தார்கள். 1959இல் தொடங்கிய கோடி சர்வதேச நிறுவனத்தில் இலங்கையரும் சென்று கற்றிருக்கிறார்கள்.

இங்கேதான் என் சொந்தத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நலன்புரி நிலையங்களில் இந்தக் கதையை நானும் சொல்லியிருக்கிறேன். ‘பாருங்கள், அவர்களுக்கும் ஒன்றும் இருக்கவில்லை, ஒற்றுமையாகச் சேமித்து உயர்ந்தார்கள்’ என்று பேசியிருக்கிறேன். காணி பறிபோன பாதிக் கதையை விட்டுவிட்டு, கூட்டுறவு வளர்ந்த பாதிக் கதையை மட்டும் சொன்னேன். முதியவரின் கேள்வி அந்த ஓட்டையில்தான் விழுந்தது.

கோழிக் குஞ்சும் தையல் இயந்திரமும் சுழற்சிக் கடனும் நல்லவை. ஆனால் அவை காணிக்கு ஈடல்ல. காணியைப் பற்றிக் கேட்பவரிடம் சுயதொழிலைப் பற்றிப் பேசுவது, நாபோத்திடம் திராட்சைத் தோட்டத்தை விட்டுவிடு, வேறொன்று தருகிறேன் என்று ஆகாப் அரசன் சொன்னதற்கு ஒப்பானது. அது தன் முன்னோரின் உரிமை என்று நாபோத் மறுத்தான். வேதாகமம் அவன் பக்கமே நிற்கிறது. அகேடியரின் நீண்ட காத்திருப்பு எமக்குப் பொறுமையைப் போதிக்கும் உதாரணம் அல்ல. அநீதியை உடனே திருத்தாவிட்டால் அது எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதற்கான எச்சரிக்கை.

அதற்கு முன் யாருடைய காணி?

பயணத்தின் ஓர் இரவில் வேறொரு மாணவன் இன்னொரு கேள்வி கேட்டானாம்: ‘அகேடியர் வருவதற்கு முன்னர் அது யாருடைய நிலம்?’

மிக்மாக் மக்களின் நிலம் அது. நாடுகடத்தலின்போது தப்பியோடிய அகேடியருக்கு அடைக்கலம் கொடுத்தவர்களும் அவர்களே. அவர்களுடைய பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த வதிவிடப் பாடசாலை ஒன்று ஷூபெனகாடியில் 1930 முதல் 1967 வரை நடந்தது. அரசின் பணத்தில் அதை நடத்தியது எமது கத்தோலிக்கத் திருச்சபை. இத்தகைய பாடசாலைகளில் நடந்த தீமைகளுக்காகப் பாப்பரசர் பிரான்சிஸ் 2022 யூலையில் கனடா சென்று மன்னிப்புக் கேட்டார். ஒரு குருவானவராக இதை மறைத்துவிட்டு மற்றவர் செய்த அநீதியை மட்டும் எழுத எனக்கு உரிமை இல்லை.

கதை அத்தோடும் முடியவில்லை. 1760, 1761ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி மிக்மாக் மக்களுக்கு மீன்பிடித்து வாழும் உரிமை உண்டு என்று கனடாவின் உயர் நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. 2020இல் அவர்களில் ஒரு சாரார் அந்த உரிமையின் பெயரால் சிங்கி இறால் பிடிக்கத் தொடங்கியபோது, உள்ளூர் மீனவர் கூட்டமாகத் திரண்டு எதிர்த்தார்கள். ஒக்ரோபரில் இறால் வைக்கும் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. இவை நடந்த கரையோரம் அகேடியர் வழிவந்தோர் செறிந்து வாழும் பகுதி. எதிர்த்தவர்கள் எல்லாரும் அவர்கள் அல்லர். அவர்கள் எல்லாரும் எதிர்த்தவர்களும் அல்லர். ஆனாலும் துரத்தப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்னொருவருடைய உரிமையை மறந்துபோகலாம் என்பதை இது காட்டுகிறது.

எமது கதை என்ன? 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமே அவகாசம் கொடுக்கப்பட்டது. அன்று நாங்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னர் அவர்கள் திரும்பி வந்து தங்கள் காணியைக் கேட்டபோது எம்மில் எத்தனை பேர் முகம் சுளித்தோம்? எமது காணிக்காக நாம் எழுப்பும் குரல் நீதியின் குரலாக இருக்கவேண்டுமானால், அது அவர்களுடைய காணிக்கும் சேர்த்து எழவேண்டும்.

பயணம் முடிந்த பின்

இனி வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். கருத்தரங்குப் பயணம் என்று கூட்டிப்போனால் படமெடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்த நிலம் யாருடையது, அவர்கள் இப்போது எங்கே, அவர்கள் என்ன செய்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் எந்த நாட்டிலும் கேளுங்கள். விருந்தளிக்கும் நாட்டின் காயத்தைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. உங்கள் ஊரின் கதையையும் அந்த வட்டத்தில் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முதல் அறிக்கையை, திட்ட அலுவலகத்துக்கு அல்ல, உங்களை அனுப்பிவைத்த சனத்துக்குக் கொடுங்கள்.

ஊரில் இருக்கும் எமக்கும் வேலை உண்டு. எட்டுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கற்கை வட்டம் தொடங்குவோம். முதல் பாடம் சேமிப்பு அல்ல, காணி. யாரிடம் உறுதி இருக்கிறது, யாரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது, யாருடையது எரிந்தது அல்லது தொலைந்தது என்று பட்டியல் எடுப்போம். காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் எவற்றுக்குப் பிரதி எடுக்கலாம் என்று விசாரிப்போம். எல்லை தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கிணறு, குளம், வாய்க்கால், வேலி, கோவில், பள்ளிவாசல் யாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, வரைந்தவர்களின் பெயரையும் திகதியையும் எழுதி வைப்போம். போர் 2009இல் முடிந்தது. இன்னும் தம் காணிக்குப் போகாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளில் பலர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஒரு தலைமுறை கடந்தால் எல்லைக் கல் இருந்த இடமும் கதையாகிவிடும்.

அன்று கூட்டம் கலைந்தபோது அந்த முதியவர் என்னிடம் வந்தார். “சுவாமி, காணி கிடைக்காட்டிலும் அந்தச் சனம் மறக்கயில்லை. அதாலைதானே இந்தப் பிள்ளைக்கும் காட்டியிருக்குதுகள்” என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, “ஆனால் எங்களுக்கு அவ்வளவு காலம் வேண்டாம்” என்றார்.

அவருடைய வீட்டில்தான் எங்கள் முதலாவது கற்கை வட்டம் கூடவிருக்கிறது. உங்கள் ஊரில் அது யாருடைய வீட்டில் கூடப்போகிறது? சிந்திப்போம், செயற்படுவோம்.