தெய்வம் வாங்க வருகிறவர்கள்

டிசம்பர் 21 பிறந்தால் உதய்ப்பூரை அடுத்த ஷில்ப்கிராமில் கூட்டம் நெரிபடும். மேற்கு மண்டலக் கலாசார மையம் ஆண்டுதோறும் நடத்தும் பத்து நாள் உற்சவம் அது. அந்தச் சூடு ஆறுவதற்குள் தில்லி ஹாட், பிப்ரவரியில் சூரஜ்குண்ட் மேளா (1987 முதல்) என்று வடக்கே குளிர்காலம் முழுவதும் கைவினைஞர்களுக்கு மூட்டை முடிச்சுதான். கண்காட்சி, செய்முறைப் பட்டறை, மீண்டும் கண்காட்சி.

இந்த அட்டவணையால் அதிகம் திண்டாடுகிறவர்கள் மோலேலாக் குயவர்கள்.

ராஜஸ்தானில், நாத்துவாராவை ஒட்டி, பனாஸ் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் மோலேலா. இங்கே பெயர் வாங்கியது பானையல்ல, தெய்வம். சுடுமண் பலகையில் புடைப்பாக எழும் தேவ்நாராயணன், பைரவர், நாகதேவன், குதிரையேறிய தேஜாஜி. இவற்றை வாங்க பீல் பழங்குடியினரும் குஜ்ஜர்களும் மத்தியப் பிரதேசத்திலிருந்துகூட வருகிறார்கள். கூடவே போபா என்ற பூசாரி வருவார். எந்தப் பலகை தங்கள் ஊர்க் கோயிலுக்கு என்று முடிவு செய்வது அவர்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பலகைக்குப் பதில் புதியது வைக்க வேண்டும் என்பது வழக்கம்.

அவர்கள் வருவது மாக மாதத்தில். நம் கணக்கில் தை, மாசி. சூரஜ்குண்டில் கடை விரிக்க வேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான்.

இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் வேண்டியது ஒன்றல்ல. போபாவுக்குத் தெய்வத்தின் முகம் பளிச்சென்று வண்ணம் பூசியிருக்க வேண்டும். நகரத்துச் சீமாட்டிக்கோ வண்ணமே கூடாது. வெறும் செம்மண் நிறத்தில் மாட்டுவண்டி, கிணற்றடி, கல்யாண ஊர்வலம் என்று வரவேற்பறைச் சுவருக்குப் பொருந்தினால் போதும். இரண்டையும் அதே கைகள்தான் செய்கின்றன. நகரத்துப் பணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மோகன்லால் கும்ஹாருக்கு 2012இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் மோலேலாவுக்குப் புவிசார் குறியீடு வந்ததும் வெளியுலகம் பார்த்ததால்தான். ஆனால் மேளாவில் பலகை விற்காமல் போனால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். நடந்து வந்த ஒரு கிராமம் வெறுங்கையோடு திரும்பினால், அது அடுத்த முறை வேறு வழி தேடிக்கொள்ளும்.

பட்டறைகளுக்கும் ஒரு சங்கடம் உண்டு. குளத்துக் களிமண்ணில் கழுதைச் சாணத்தைப் பிசைந்து, தரையில் தட்டையாகத் தட்டி, அதன்மேல் உருவத்தைக் கையாலேயே எழுப்புகிறார்கள். சக்கரம் கிடையாது, அச்சும் கிடையாது. உருவத்தின் உள்ளே பொள்ளல் விடுகிறார்கள். சாணம் சூளையில் எரிந்து போய் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்வதால் பலகை எடை குறைகிறது, வெடிப்பும் குறைகிறது. கண்காட்சிப் பந்தலில் இதில் பாதியைத்தான் காட்ட முடியும். ஈரப் பலகை நிழலில் காய நாள்கள் பிடிக்கும். பந்தலுக்குள் சூளை மூட்ட எந்த அமைப்பாளரும் விடமாட்டார். பார்வையாளர் கைதட்டிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறார்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நன்றாகச் சுட்ட பலகை கணீரென்று ஒலிக்கும். கீறல் இருந்தால் சத்தம் மங்கிவிடும். குறைந்த சூட்டில் வெந்த மண் இது, நீரை உறிஞ்சும். மழை படும் மதில்சுவர் வேண்டாம்.

உற்சவம் டிசம்பர் 30இல் முடிகிறது. மோலேலாவை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அதோடு திரும்பாமல் மாகம் வரை பொறுத்து, உதய்ப்பூரிலிருந்து நாத்துவாரா பஸ் பிடிப்பது உத்தமம். தெருவில் போபா பலகைகளின் முன் நின்றுகொண்டிருந்தால், கேமராவை எடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.