அந்த ஊசி போட்டாச்சா?

பிரசவ வார்டு வாசலில் எல்லாரும் கேட்பது மூன்று கேள்விகள்: ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, எத்தனை மணிக்குப் பிறந்தது. நான்காவதாக ஒன்றையும் கேளுங்கள் என்று திருக்கோவிலூர் வட்டாரப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த ஒரு சிறு குழுவினர் ஊராரை வேண்டிக்கொள்கிறார்கள். "குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போட்டாச்சா?"

ரத்தம் உறைவதற்குக் கல்லீரல் செய்யும் சில புரதங்கள், வைட்டமின் கே இல்லாவிட்டால் வேலை செய்யாது. டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் கொழுப்பில்லாத தீனி போட்டு வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. அதன் காரணத்தைத் தேடிப்போய்த்தான் அவர் இந்தச் சத்தைக் கண்டறிந்தார். 1943-ம் ஆண்டுக்கான நோபல் பரிசை எட்வர்ட் டாய்சியுடன் பகிர்ந்துகொண்டார்.

பிறக்கும் குழந்தையின் உடலில் இந்தச் சத்து மிகக் குறைவு. நஞ்சுக்கொடி வழியாகச் சொற்பமே போகிறது; தாய்ப்பாலிலும் கொஞ்சம்தான். இதில் தாயின் குறை எதுவும் இல்லை. முருங்கைக்கீரையைத் தினமும் சாப்பிட்டவர் பெற்ற பிள்ளைக்கும் இதே நிலைதான். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தொடையில் போடும் ஒரே ஊசி போதும்: 1 மில்லிகிராம், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை என்றால் அரை மில்லிகிராம். பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போட வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது.

போடாமல் விட்டால் எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து வந்துவிடாது, அரிதாகத்தான் வரும். ஆனால் வந்தால் கொடுமை. நன்றாகப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு, இரண்டாவது வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் திடீரென்று ரத்தம் கசியும். அப்படிக் கசியும் குழந்தைகளில் பாதிப்பேருக்கோ அதற்கு மேலோ கசிவு மண்டைக்குள்தான். பிழைத்தாலும் வலிப்பும் வளர்ச்சிக் குறைவும் தொடரலாம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களை நினைத்துத்தான் குழுவினர் அதிகம் கவலைப்படுகிறார்கள். வலி கண்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வீட்டிலோ 108 வண்டியிலோ பிறந்துவிடும் குழந்தைக்கு இந்த ஊசி விட்டுப்போவது எளிது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். தாமதமாகிவிட்டாலும் போய்க் கேளுங்கள். போட்டதைத் தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்குங்கள்.

பெரியவர்களின் மூளைக்கும் இந்தச் சத்து உதவுமா? சிகாகோவில் 960 முதியவர்களைப் பின்தொடர்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், தினமும் கீரை சாப்பிட்டவர்களுக்கு நினைவாற்றல் மெதுவாகவே குறைந்தது. கீரையில் வேறு சத்துகளும் இருப்பதால் புகழை வைட்டமின் கே-க்கு மட்டும் கொடுத்துவிட முடியாது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் கீரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

குழந்தையைப் புடவையில் உருட்டி உரம் எடுக்கும் பாட்டிமார்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நிறுத்தாமல் அழும் குழந்தையை முதலில் உங்களிடம்தான் கொண்டுவருகிறார்கள். குழந்தை வெளுத்திருந்தால், பால் குடிக்க மறுத்தால், வாந்தி எடுத்தால், உச்சிக்குழி புடைத்திருந்தால், தொப்புளிலோ மூக்கிலோ ரத்தம் தெரிந்தால், புடவையில் போட்டு உருட்ட வேண்டாம். 108-ஐக் கூப்பிடச் சொல்லி அனுப்பிவையுங்கள்.